லைன் சூப்பர்வைசர்களுக்கான பத்து மணி நேரப் பயிற்சி: பங்கேற்ற ஒருவனின் மதிப்பீடு

திருப்பூரில் ஒரு பனியன் கம்பெனியில் ஒன்பது ஆண்டுகளாகத் தையல் லைன் சூப்பர்வைசராக வேலை பார்க்கிறேன். கடந்த ஆடி மாதம், ‘ஊக்கமளிக்கும் தலைவராவது எப்படி’ என்ற பெயரில் எங்கள் நிர்வாகம் ஒரு பயிற்சிக்கு ஏற்பாடு செய்தது. கோவையிலிருந்து வந்த ஒரு பயிற்சி நிறுவனம் அதை நடத்தியது. நாளுக்கு இரண்டு மணி நேரம் வீதம் ஐந்து நாட்கள். ஆளுக்கு 3,000 ரூபாய் கட்டணம். தங்கள் ஆட்களை அனுப்பலாமா என்று பக்கத்துக் கம்பெனிகளிலிருந்து பலரும் கேட்பதால், எது பயன்பட்டது, எங்கே குறை இருந்தது என்பதை இங்கே எழுதுகிறேன்.

பாடம் புதியதல்ல. இரண்டாம் உலகப் போர்க் காலத்தில், 1940 முதல் 1945 வரை, அமெரிக்க அரசு தன் நாட்டு ஆலைகளுக்காக நடத்திய ‘டிரெய்னிங் விதின் இண்டஸ்ட்ரி’ (டிடபிள்யூஐ) என்ற ஆலைப் பயிற்சித் திட்டத்தில் ‘ஜாப் ரிலேஷன்ஸ்’, அதாவது வேலையாட்களோடு நல்லுறவு, என்ற பிரிவாக இருந்ததுதான் இது. ஆண்கள் படைக்குப் போய்விட, ஆலை வாசலையே மிதித்திராத பெண்களும் பெருந்திரளாக வேலைக்கு வந்து சேர்ந்தபோது, நேற்றுவரை மிஷின் ஓட்டியவர்கள் திடீரென மேற்பார்வையாளர்கள் ஆனார்கள். அவர்களுக்கு மிஷின் தெரியும், ஆட்களை நடத்தத் தெரியாது. போருக்குப் பின் இத்திட்டம் ஜப்பானுக்குச் சென்று, டொயோட்டா போன்ற ஆலைகளில் வேரூன்றியது. எண்பது ஆண்டு பழைய பாடம் நமக்கு எதற்கு என்று முதல் நாள் சிலர் முணுமுணுத்தார்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நன்றாகத் தைக்கிறான் என்ற ஒரே காரணத்துக்காக என்னிடமும் ஒரு லைனைக் கொடுத்தார்கள், ஆட்களிடம் எப்படிப் பேசுவது என்று யாரும் சொல்லித் தரவில்லை.

பயிற்சியின் உயிர், சட்டைப் பையில் வைத்துக்கொள்ளும் அளவுக்குச் சிறிய ஓர் அட்டை. ஒரு பக்கத்தில், ஆளோடு பிரச்சினை வந்தால் செய்ய வேண்டிய நான்கு படிகள்: உண்மைகளைத் திரட்டு, சீர்தூக்கி முடிவு செய், நடவடிக்கை எடு, பலனைப் பார். கேட்கும்போது இவை எல்லோருக்கும் தெரிந்தவையாகத்தான் இருக்கும். ஆனால் பங்கேற்கும் ஒவ்வொருவரும் தன் லைனில் நடந்த ஓர் உண்மைச் சிக்கலைக் கொண்டுவந்து, எல்லோர் முன்னிலையிலும் அந்தப் படிகளில் ஏற்றிப் பார்க்க வேண்டும் என்பது விதி. அங்கேதான் பாடம் உறைக்கிறது.

நான் கொண்டுபோனது, என் லைனில் ஓவர்லாக் தைக்கும், என்னைவிட மூத்த ஒரு அக்காவின் விஷயம். எப்போதும் முன்னால் நிற்பவர். ஆனால் அந்த வாரம் மதியத்துக்கு மேல் அவருடைய பீஸ் கணக்கு தொடர்ந்து குறைந்தது. காரணம் கேட்காமல், மற்றவர்கள் பார்க்க, வேலையில் கவனமில்லை என்று கடிந்துகொண்டேன். அதற்குப் பிறகு அவர் என்னிடம் பேசுவதையே குறைத்துக்கொண்டார். உண்மைகளைத் திரட்டுவது என்ற படிக்குள், பதிவேட்டைப் பார்ப்பதும், உரியவரிடம் நேரில் பேசுவதும், அவருடைய கருத்தையும் மனநிலையையும் அறிவதும் அடங்கும் என்று பயிற்றுநர் விளக்கியபோது, இவற்றில் ஒன்றைக்கூட நான் செய்யவில்லை என்பது எனக்கு விளங்கியது. மறுநாள் மணிவாரிக் கணக்கை எடுத்துப் பார்த்தேன். குறைவு தொடங்கியது செவ்வாய்க்கிழமை. புதிய ஸ்டைலுக்காக மிஷின்களை நாங்கள் இடம் மாற்றியதும் அதே செவ்வாய்க்கிழமைதான். தேநீர் இடைவேளையில் அருகே ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்து, “என்னங்க்கா ஆச்சு?” என்று கேட்டேன். “அயர்னிங் ஆவி நேரா மூஞ்சில அடிக்குதுங்க தம்பி. மதியத்துக்கு மேல இந்த வேக்காட்டுல நூல் கோக்கவே கண்ணு தெரியறதில்ல” என்றார். மிஷினை இரண்டு இடம் தள்ளிப் போட்டோம். எல்லோர் முன்னும் கடிந்ததற்கு, எல்லோர் முன்னுமே மன்னிப்புக் கேட்டேன். அடுத்த வாரம் அவருடைய கணக்கு பழைய அளவுக்கு வந்துவிட்டது. அவர் பழையபடி பேசத் தொடங்க இன்னும் சில வாரங்கள் ஆயின.

அட்டையின் மறுபக்கத்தில் நல்லுறவுக்கான நான்கு அடிப்படைகள் உள்ளன. வேலை எப்படிப் போகிறது என்பதை அவரவருக்குச் சொல்வது, பாராட்டுக்குரிய இடத்தில் பாராட்டுவது, ஒருவரைப் பாதிக்கும் மாற்றத்தை முன்கூட்டியே தெரிவிப்பது, ஒவ்வொருவரின் திறமையையும் முழுமையாகப் பயன்படுத்துவது. மூன்றாவதை நான் கடைப்பிடித்திருந்தால் மேலே சொன்ன சிக்கலே எழுந்திருக்காது. மிஷினை நகர்த்துவதற்கு முன் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், அந்த இடம் ஆகாது என்று அந்த அக்காவே சொல்லியிருப்பார்.

இனி குறைகள். பத்துப் பேருக்கென வகுக்கப்பட்ட இப்பயிற்சியில் எங்களைப் பதினெட்டுப் பேராக உட்கார வைத்தார்கள். அதனால் ஏழு பேருடைய சிக்கல்கள் பேசப்படாமலே போயின. அந்த ஏழு பேருக்கு இது வெறும் சொற்பொழிவாகவே முடிந்தது. ஐந்தாம் நாளின் முற்பகுதியைக் கைதட்டலுக்கும் உறுதிமொழிக்கும் செலவழித்ததை என்னால் ஏற்க முடியவில்லை. அந்த ஒரு மணி நேரத்தில் விடுபட்டவர்களில் இரண்டு மூன்று பேரையாவது பேச வைத்திருக்கலாம். அட்டை ஆங்கிலத்தில் மட்டுமே இருந்தது. நாங்களே தமிழில் எழுதி நகலெடுத்துக்கொண்டோம். என் லைனில் சரிபாதிப் பேர் ஒடிசாவிலிருந்தும் பீகாரிலிருந்தும் வந்தவர்கள். உரியவரிடம் நேரில் பேசு என்று சொல்லும் பாடம், மொழி தெரியாதவரிடம் எப்படிப் பேசுவது, யாரை இடையில் வைத்துக்கொள்வது என்பது பற்றி ஒன்றுமே சொல்லவில்லை. திருப்பூரில் நடத்தப்படும் பயிற்சிக்கு இது சிறிய குறையல்ல. பலனைப் பார் என்பதை நான்காம் படியாகக் கற்பித்த நிறுவனம், பயிற்சி முடிந்தபின் ஒருமுறைகூட வந்து பார்க்கவில்லை என்பதும் வருத்தத்துக்குரியது.

பயிற்றுநரைப் பற்றிக் குறை சொல்ல எனக்கு எதுவும் இல்லை. பொறுமையானவர்; யாரையும் கூச வைக்காமல் கேள்வி கேட்கத் தெரிந்தவர்; என் தவறை நானே கண்டு சொல்லும்வரை காத்திருந்தார். லைனில் ஒரு சூப்பர்வைசர் எப்படி நடந்துகொள்ள வேண்டும் என்பதை, அட்டையைவிட அவர் காத்திருந்த விதத்திலிருந்தே அதிகம் கற்றேன்.

கட்டணத்துக்குத் தகுந்த பயிற்சிதான். புதிதாகச் சூப்பர்வைசர் ஆனவர்களைத் தயங்காமல் அனுப்பலாம். ஒரு தொகுதிக்குப் பத்துப் பேருக்கு மேல் கூடாது, ஒவ்வொருவருடைய சிக்கலும் பேசப்பட வேண்டும், அட்டை தமிழிலும் இந்தியிலும் வேண்டும், ஒரு மாதம் கழித்துப் பயிற்றுநர் லைனுக்கே வந்து பார்க்க வேண்டும் என்ற நான்கையும் பணம் கட்டுவதற்கு முன்பே எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.