பம்ப்புக்கு நாலு ஸ்டார், அந்த சோப்பு வாசனைக்கு ஒன்றுமில்லை

பிரசவ விடுப்பில் போகவிருக்கும் அலுவலகத் தோழி ஒருத்தி, "அக்கா, உங்க தாய்ப்பால் பம்ப் சும்மாதானே கிடக்கு, நான் எடுத்துக்கவா?" என்று கேட்டாள். அதே மாடலின் விலை வேறு இறங்கியிருப்பதால், வாங்கலாமா என்று இன்னும் சிலரும் கேட்கிறார்கள். பம்ப், பை, ஃப்ரீசர், கடைசியில் பசும்பால் என்று ஒரு முழுச் சுற்று வந்தாயிற்று. எல்லோருக்கும் சேர்த்து இங்கேயே எழுதிவிடுகிறேன்.

முதலில் அவளுக்கு: தர மாட்டேன். கஞ்சத்தனம் இல்லை. வீட்டுக்கு வாங்கும் பம்ப்பெல்லாம் பெரும்பாலும் ஒருவர் உபயோகத்துக்கு மட்டும்தான். பாலோ ஈரமோ குழாய் வழியாக மோட்டார் பக்கம் போய்விட்டால் அங்கே கை விட்டுக் கழுவ முடியாது. மார்பில் வைக்கும் புனலும் பாட்டிலும் புதுசாக மாற்றினாலும் உள்ளே போனது உள்ளேதான் இருக்கும்.

மெஷின் விஷயத்தில் குறை சொல்ல எனக்கு வாயில்லை. மோட்டார் ஒருநாளும் மக்கர் பண்ணியதில்லை. இழுவை குறைந்தபோதெல்லாம் குற்றவாளி அந்த வெள்ளை சிலிகான் வால்வு, வாத்து மூக்கு மாதிரி இருக்குமே, அதுதான். போகப்போக நுனியில் இருக்கும் கீறல் சரியாக மூடாது. வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தால் லேசாக வாய் பிளந்து நிற்பது தெரியும். மாற்றிய அன்றே பழைய இழுவை திரும்பிவிடும். பால் வற்றிவிட்டதே என்று அழ ஆரம்பிக்கும் முன் தயவுசெய்து வால்வைப் பாருங்கள். பெட்டியோடு வந்த 24 மி.மீ. புனல் எனக்குப் பெரிது. சின்னது வாங்கி மாட்டிய பிறகுதான் வலி போனது. காம்பு உரசாமல் போய்வர வேண்டும், சுற்றியுள்ள கருவளையம் அதிகம் உள்ளே இழுபடக் கூடாது. இந்த இரண்டும் சரியாக இருந்தால் இந்த மாடலை யாரும் குறை சொல்ல மாட்டார்கள்.

ஆனால் நான் சொல்வேன். காரணம், அந்த வாசனை.

வேலைக்குத் திரும்புவதற்கு முன்பே பாலை எடுத்துச் சேர்க்க ஆரம்பித்திருந்தேன். பம்ப்போடு வந்த கையேட்டில் உள்ளபடி ஒவ்வொரு பையிலும் 60 முதல் 120 மில்லி, உறையும்போது விரியுமே என்று மேலே கொஞ்சம் இடம், தேதி, பையைப் படுக்கவைத்து உறையவிடுதல் எல்லாம் சரியாகச் செய்தேன். ஃப்ரீசரின் ஒரு தட்டு முழுக்க என் பால்தான். அதைத் திறந்து பார்ப்பதே ஒரு நிம்மதி. வேலைக்குப் போன முதல் வாரம் வீட்டிலிருந்து போன்: "பாப்பா குடிக்கவே மாட்டேங்குது, துப்புது." மாலை வந்து ஒரு பையை நானே உருக்கினேன். மேலே கொழுப்பு மஞ்சள் திட்டாக மிதந்தது. அது சகஜம், மெதுவாகச் சுழற்றினால் கலந்துவிடும். பாட்டிலை மூக்குக்கிட்டே கொண்டுபோனால் சோப்புத் தண்ணீர். ஒரு சொட்டு நாக்கில் வைத்தேன், இரும்பை நக்கினாற்போல் இருந்தது. குழந்தையோ நிப்பிளை நாக்கால் வெளியே தள்ளிவிட்டு, உடம்பை ஒரு சிலிர்ப்புச் சிலிர்த்து, என்னை ஒரு பார்வை பார்த்தது. துரோகியைப் பார்க்கிற பார்வை.

பால் கெட்டுப்போகவில்லை. தாய்ப்பாலில் லைபேஸ் என்றொரு நொதி இருக்கிறது. கொழுப்பை உடைத்துக் குழந்தைக்கு எளிதில் செரிக்க வைப்பதுதான் அதன் வேலை. சேமித்து வைத்த பாலிலும் அது தன் வேலையை நிறுத்துவதில்லை. வீட்டு ஃப்ரீசரின் குளிரிலும் மெதுவாக நடந்துகொண்டே இருக்கும். கொழுப்பு உடைய உடைய அந்த சோப்பு நாற்றம் ஏறும். சிலருடைய பாலில் இது தெரியவே தெரியாது, சிலருக்கு ஃப்ரிட்ஜில் வைத்த மறுநாளே தெரிந்துவிடும். குடித்தால் கெடுதல் எதுவும் இல்லை, சில குழந்தைகள் கண்டுகொள்ளாமல் குடித்தும் விடும். என்னுடையது அந்தக் கட்சி இல்லை.

இதைப் பற்றி அந்தக் கையேட்டில் ஒரு வரி கிடையாது. எத்தனையோ மொழிகளில் எச்சரிக்கை போட்டிருக்கிறார்கள், தண்ணீரில் முக்காதே, தூங்கும்போது பயன்படுத்தாதே என்றெல்லாம். "ஃப்ரீசரை நிரப்பும் முன் ஒரு பையை உறைய வைத்து, ஒரு வாரம் கழித்து உருக்கி முகர்ந்து பார்" என்று ஒரு வரி போட்டிருந்தால் இவ்வளவு கோபம் வந்திருக்காது. பம்ப் செய்கிறவர்கள் மேல் இந்தக் கோபம் நியாயமா? இல்லைதான், அது என் உடம்பின் நொதி. இருந்தாலும் கோபம் போகவில்லை.

வழி இருக்கிறது. எடுத்த உடனே, உறைய வைக்கும் முன், பாத்திரத்தில் ஊற்றி ஓரத்தில் சின்னக் குமிழ் தட்டும் வரை (82 டிகிரி செல்சியஸ் வாக்கில்) சுட வைத்து, கொதிக்க விடாமல் இறக்கி, ஐஸ் தண்ணீரில் வைத்துச் சட்டென்று ஆற்ற வேண்டும். லைபேஸ் அடங்கிவிடும். நோய் எதிர்ப்புச் சத்துகளும் கொஞ்சம் குறையும் என்பதால் நேரடியாகக் குடிக்கும் பாலுக்கு இது தேவையில்லை. ஏற்கெனவே வாசனை ஏறிய பாலைச் சுட வைத்தும் பிரயோசனமில்லை. நாள் முழுக்க வேலை பார்த்துவிட்டு வந்து, ராத்திரி அடுப்படியில் நின்று பாலின் ஓரத்தையே முறைத்துக்கொண்டிருப்பது என்ன மாதிரி பொழுதுபோக்கு என்று நான் சொல்லத் தேவையில்லை. அதன் பிறகு உறைய வைத்ததைக் குழந்தை குடித்தது. பழைய பைகள் அப்படியே கிடந்தன, தூக்கிப் போட மனசு வரவில்லை.

கணக்கு கேட்கிறவர்களுக்கு, அமெரிக்க அரசின் நோய்க் கட்டுப்பாட்டு மையமான சி.டி.சி. சொல்வது இது: புதிதாக எடுத்த பால் 25 டிகிரிக்கு உட்பட்ட அறையில் 4 மணி நேரம், ஃப்ரிட்ஜில் 4 நாள், ஃப்ரீசரில் 6 மாதம் வரை நல்லது, 12 மாதம் வரை பரவாயில்லை. உருகியதை ஃப்ரிட்ஜிலேயே வைத்தாலும் 24 மணி நேரத்துக்குள் தீர்க்க வேண்டும், மறுபடி உறைய வைக்கக் கூடாது. குழந்தை வாய் வைத்த மிச்சத்துக்கு 2 மணி நேரம். மைக்ரோவேவ் வேண்டவே வேண்டாம், அங்கங்கே கொதிக்கும் சூடு நின்று வாயைச் சுட்டுவிடும்.

பசும்பாலுக்கு வருவோம். ஒரு வயதுக்கு முன் அதை முக்கிய பானமாகக் கொடுக்க வேண்டாம் என்று எங்கள் டாக்டர் பிடிவாதமாக இருந்தார். புரதமும் உப்புகளும் பிஞ்சுச் சிறுநீரகத்துக்கு அதிகம், இரும்புச் சத்து மிகக் குறைவு, குடலில் கண்ணுக்குத் தெரியாமல் ரத்தம் கசியவும் வாய்ப்பு உண்டு. ஒரு வயது முடிந்ததும் கொழுப்பு நீக்காத பால், காய்ச்சியதோ பாஸ்டுரைஸ் செய்ததோ. முதலில் புதிதாக எடுத்த தாய்ப்பாலில் கால் பங்கு பசும்பால் கலந்தேன். தாய்ப்பாலில் லாக்டோஸ் என்கிற பால் சர்க்கரை அதிகம், 100 மில்லிக்கு 7 கிராம் வாக்கில். பசும்பாலில் 5-க்கும் கீழே. இனிப்பு குறைந்ததும் முகம் சுளிக்கும் என்று எதிர்பார்த்தேன். சுளிக்கவில்லை. பாதிக்குப் பாதி ஆனபோது துணிந்து பழைய சோப்புப் பையிலிருந்து கொஞ்சம் கலந்து பார்த்தேன். குடித்துவிட்டது! மாதக்கணக்காகத் துப்பிய அதே பால். தேதி தாண்டாத பைகள் எல்லாம் அப்படித்தான் தீர்ந்தன. இந்த மொத்தக் கூத்தில் எனக்குக் கிடைத்த ஒரே சந்தோஷம் அது.

நடுவில் மலச்சிக்கல் வந்தது. ருசி கண்டபிறகு டம்ளர் டம்ளராகக் கேட்டதுதான் காரணம். ஒரு நாளைக்கு 500 மில்லி போதும், 700-ஐத் தாண்டினால் சாப்பாடு இறங்காது, ரத்தச் சோகையில் கொண்டுபோய் விடும் என்றார் டாக்டர். குறைத்ததும் சரியானது. ஒரு வயதுக்கு மேலான குழந்தைகளுக்கென்று டப்பாவில் விற்கும் பால்பவுடரையும் வாங்கவில்லை. உலக சுகாதார நிறுவனம் 2023 வழிகாட்டுதலிலேயே அது வேண்டியதில்லை என்று சொல்லிவிட்டது. தாய்ப்பால் இரண்டு வயதுக்கு மேலும் கொடுக்கலாம் என்பதும் அவர்கள் சொல்வதுதான். ராத்திரிக்கு இன்னும் நேரடியாகக் கொடுக்கிறேன். அதில் வாசனைப் பிரச்சினை இல்லை.

இப்போது பாப்பா குடிப்பது மூடி இல்லாத சாதாரணக் கப்பில், ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த சில்லென்ற பாலை, சூடு பண்ணக்கூட விடாமல்.

ஆக, பம்ப்புக்கு ஐந்துக்கு நாலு. வேலைக்குப் போகிறவர்களுக்கு இதைவிட நல்ல மெஷின் நான் பார்க்கவில்லை. வாங்கலாமா என்று கேட்டால், வேண்டாம். விலை இன்னும் இறங்கினாலும் வேண்டாம். அந்தக் கையேட்டை அவர்கள் திருத்தட்டும், அப்புறம் பார்க்கலாம்.