காற்றை வெளியே விடாத ‘வால்வு’ செஸ்ட் சீல்: 18,900 ரூபாய் போய்விட்டது, முதலுதவிக் குழுக்கள் கவனிக்கவும்

இன்று காலை, செஸ்ட் சீல்கள் (நெஞ்சில் விழுந்த துளையின் மேல் ஒட்டும் பசைத் தகடுகள்) வாங்கிய இணைய விற்பனைத் தளத்திலிருந்து, அவை போலி என்ற என் புகார் தீர்க்கப்பட்டு முடிக்கப்பட்டதாக ஒரு குறுஞ்செய்தி வந்தது. எதுவும் தீர்க்கப்படவில்லை. பணம் திரும்பவில்லை, பொருளை எடுத்துச் செல்ல யாரும் வரவில்லை, நான் கேட்ட ஒரு கேள்விக்குக்கூடப் பதில் இல்லை. ஜல்லிக்கட்டுக் காலம் தொடங்கிவிட்ட இந்த வாரத்தில் எங்களைப் போன்ற இன்னொரு குழு இதே பொருளை வாங்கிவிடக் கூடாது என்பதற்காகவே உடனே எழுதுகிறேன். நம்பகமான செஸ்ட் சீலை எப்படிப் பார்த்து வாங்குவது என்பதையும் முடிவில் சொல்கிறேன்.

நான் அவசரச் சிகிச்சைப் பிரிவில் 11 ஆண்டுகளாகச் செவிலியராக இருக்கிறேன். புதுக்கோட்டை மாவட்டத்தில் நாங்கள் 14 பேர் சேர்ந்து, ஜல்லிக்கட்டு நாள்களில் அரசு மருத்துவக் குழுவுக்கும் 108 ஆம்புலன்ஸ் ஊழியர்களுக்கும் கைத்துணையாக நிற்கிறோம். கொம்பு குத்திய காயம் பெரும்பாலும் தொடையிலோ இடுப்பிலோ வயிற்றிலோதான் இருக்கும் என்றாலும், வாடிவாசலுக்கு அருகில் தடுமாறி விழுந்த ஒருவரின் விலாவில் கொம்பு இறங்குவதை நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். அந்த ஓட்டையின் வழியாக அவர் மூச்சு இழுக்கும்போது எழுந்த ஓசையை இன்றுவரை மறக்க முடியவில்லை.

நெஞ்சுச் சுவரில் துளை விழுந்தால், மூச்சு இழுக்கும் ஒவ்வொரு முறையும் காற்று அந்தத் துளை வழியாகவும் உள்ளே போகும். துளையின் விட்டம் மூச்சுக்குழாய் விட்டத்தில் மூன்றில் இரண்டு பங்கை எட்டினால், காற்று மூக்கை விட்டுவிட்டுக் காயத்தின் வழியே நுழைவதுதான் எளிது என்றாகி, நுரையீரல் சுருங்கிவிடும். செஸ்ட் சீல் என்பது அந்தத் துளையின் மேல் ஒட்டும் பசைத் தகடு. வெளிக்காற்று உள்ளே போகாமல் தடுக்க வேண்டும். அதே சமயம் உள்ளே தேங்கிய காற்று அதிலுள்ள வால்வு அல்லது வாய்க்கால் வழியாக வெளியேறவும் வேண்டும். கிழிந்த நுரையீரலிலிருந்து கசியும் காற்றுக்கு வெளியே போக வழியில்லையென்றால், அழுத்தம் ஏறி இதயத்தை மறுபக்கம் தள்ளி, இதயத்துக்குத் திரும்பும் இரத்தத்தையே நிறுத்திவிடும். அதனால்தான் அமெரிக்க ராணுவத்தின் போர்க்களக் காயச் சிகிச்சைக் குழு 2013இல் வால்வு உள்ள செஸ்ட் சீலையே முதலில் தேர்ந்தெடுக்கச் சொன்னது. வால்வு இருக்கிறது என்று உறையில் அச்சிட்டுவிட்டு, உள்ளே வால்வே இல்லாத தகட்டை வைத்து விற்பவனை நான் வெறும் ஏமாற்றுக்காரன் என்று சொல்ல மாட்டேன்.

டிசம்பர் முதல் வாரத்தில், மீட்புப் பணிக் கருவிகள் விற்கும் ஒரு தளத்தில், பெயர் பெற்ற ஒரு வெளிநாட்டுத் தயாரிப்பின் படத்தோடு, இரண்டு தகடுகள் கொண்ட பொட்டலம் 1,050 ரூபாய் என்று போட்டிருந்தார்கள். மற்ற இடங்களில் பார்த்த விலையில் அது பாதிகூட இல்லை. அந்த இடத்திலேயே எனக்குச் சந்தேகம் வந்தது. வந்ததால்தான் விற்பனையாளரின் எண்ணை வாங்கிப் பேசினேன். அவர் பேசிய விதம்தான் என்னைச் சாய்த்தது. எந்த ஊர், எத்தனை பேர், கொம்புக் காயம் எப்படி இருக்கும் என்றெல்லாம் பொறுமையாகக் கேட்டார். ஈரத்தோலில் தகட்டை ஒட்டி இழுத்துக் காட்டும் ஒரு காணொளியையும், தரச்சான்றிதழ் ஒன்றின் படத்தையும் அனுப்பினார். “மேடம், நீங்க உயிர் காப்பாத்துற வேலை பாக்குறீங்க, உங்ககிட்ட போய் லாபம் பாப்பேனா?” என்று அவர் கேட்டபோது, என் சந்தேகத்துக்காக நானே வெட்கப்பட்டேன். சான்றிதழில் இருந்த எண்ணைச் சரிபார்க்க வேண்டும் என்ற எண்ணம் அப்போது எனக்கு வரவே இல்லை. ஊரில் உணவகம் நடத்தும் ஒருவர் கொடுத்த 7,000 ரூபாயும், நாங்கள் 14 பேர் தலைக்கு 850 ரூபாய் போட்ட 11,900 ரூபாயும் சேர்த்து, 18 பொட்டலங்களுக்கு 18,900 ரூபாயை அன்று இரவே அனுப்பினேன். எங்கள் குழுவில் இருவர் நாள்கூலிக்குப் போகிறவர்கள் என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

டிசம்பர் 18 அன்று பெட்டி வந்தது. உறைகள் பார்வைக்குப் புதிதாக இருந்ததால், கிருமிநீக்கிய பொருளை வீணாகப் பிரிக்கக் கூடாது என்று அப்படியே பைகளில் அடுக்கிவிட்டோம். ஜனவரி 4 அன்று பயிற்சிக்காக ஒன்றைப் பிரித்தோம். குழுவில் உள்ள ஒரு தம்பியை ஓடவிட்டு, வியர்த்த நெஞ்சைத் துணியால் நன்றாகத் துடைத்து, தகட்டை ஒட்டினோம். அடியிலிருந்த பாதுகாப்புத் தாளை உரித்தபோதே பசையில் பாதி தாளோடு போய்விட்டது. மீதியும் இரண்டு நிமிடத்துக்குள் ஓரத்தில் எழும்பியது. சரி, ஒரு தகடு பழுதாக இருக்கலாம் என்று இன்னொரு பொட்டலத்தையும் பிரித்தோம். தட்டையான பக்கம் உள்ள ஐந்து லிட்டர் எண்ணெய் கேனில் கட்டைவிரல் அளவு துளையிட்டு, மூடியை இறுக்கி, துளையின் மேல் தகட்டை ஒட்டிக் கேனை அமுக்கினேன். நல்ல தகடாக இருந்தால் காற்று வால்வு வழியாகச் சீறி வெளியேற வேண்டும். கையை எடுத்ததும் தகடு ஒட்டி உட்கார்ந்து, காற்றை உள்ளே விடாமல் கேனை நசுங்கியபடியே வைத்திருக்க வேண்டும். இங்கே தகடு பலூனைப் போல உப்பி, கடைசியில் பசை விட்டுப் பிய்ந்தது. வெட்டிப் பார்த்தேன். காற்று போகும் வாய்க்கால்கள் என்று நாங்கள் நினைத்தவை, தகட்டின் மேல் அச்சடிக்கப்பட்ட வெறும் கோடுகள்.

அன்றே விற்பனையாளரை அழைத்தேன். குளிர் காலத்தில் பசை இறுகிவிடும், கையில் வைத்துச் சூடுபடுத்தி ஒட்டுங்கள் என்றார். வால்வு எங்கே என்று கேட்டதும் அழைப்பு துண்டிக்கப்பட்டது. அதன்பின் என் எண்ணை அவர் எடுக்கவே இல்லை. தளத்தின் உதவிப் பிரிவில் முதலில் பேசியவர், மருத்துவப் பொருளைப் பிரித்துவிட்டால் திரும்பப் பெற முடியாது என்றார். பிரிக்காத 16 பொட்டலங்கள் இருக்கின்றன என்றதும், ஏழு நாள் கெடு முடிந்துவிட்டது என்றார். அடுத்த நாள் பேசியவர், பெட்டியைப் பிரித்தபோது எடுத்த காணொளி இருக்கிறதா என்று கேட்டார். மூன்றாமவர், தாங்கள் இடைத்தரகு மட்டுமே செய்வதால் விற்பனையாளரையே அணுகும்படி சொன்னார். நான் அனுப்பிய படங்களையோ, வெட்டிய தகட்டின் காணொளியையோ இவர்களில் ஒருவரும் திறந்துகூடப் பார்க்கவில்லை. இது உயிரைப் பறிக்கக்கூடிய போலி, குறைந்தது விற்பனைப் பக்கத்தையாவது நீக்குங்கள் என்று நான்கு முறை எழுதினேன். இதை எழுதும் இந்த நேரத்திலும் அந்தப் பக்கம் திறந்தே இருக்கிறது.

18,900 ரூபாய் எங்களுக்குப் பெரிய தொகை. ஆனாலும் என்னைத் தூங்கவிடாதது அந்தத் தொகை அல்ல. பயிற்சி வைக்காமல் இருந்திருந்தால், இந்தத் தகட்டை ஒருவரின் நெஞ்சில் ஒட்டிவிட்டு, காயத்தை மூடிவிட்டோம் என்று நம்பி, அடுத்தவரைக் கவனிக்கப் போயிருப்பேன்.

வாங்குவதற்கு முன் பார்க்க வேண்டியவற்றை விரிவாக எழுத நினைத்தேன். இப்போது இருக்கும் மனநிலையில் அவசரமானவற்றை மட்டும் சொல்கிறேன். உறையில் தயாரிப்பாளர் முகவரி, தொகுதி எண், காலாவதி நாள், உரிம எண் ஆகியவை இருக்க வேண்டும். வெளிநாட்டுப் பொருளென்றால் இறக்குமதியாளரின் பெயரும் இறக்குமதி உரிம எண்ணும் இருக்க வேண்டும். மருத்துவச் சாதன விதிகள், 2017 கேட்பது இது. எங்கள் உறையில் கடைசி இரண்டும் இல்லை, அதை நான் அப்போது கவனிக்கவில்லை. முடிந்தால் தயாரிப்பாளரின் அங்கீகரிக்கப்பட்ட விநியோகஸ்தரிடமே வாங்குங்கள். மொத்தமாக வாங்குவதற்கு முன் ஒன்றை மட்டும் வரவழைத்து, பிரித்து, வியர்த்த தோலிலும் கேனிலும் சோதியுங்கள். பெட்டி வந்த அன்றே பிரியுங்கள், காணொளி எடுங்கள்.

நல்ல செஸ்ட் சீல் கையில் இல்லையென்றால் பதற்றத்தில் கிடைத்ததை ஒட்டிக் காயத்தை அடைக்காதீர்கள். அமெரிக்க இதயச் சங்கமும் செஞ்சிலுவைச் சங்கமும் 2024இல் வெளியிட்ட முதலுதவி வழிகாட்டி, திறந்த நெஞ்சுக் காயத்தை அப்படியே விடுவதையும், காற்றை அடைக்காத உலர்ந்த துணியால் மூடுவதையும் ஏற்கிறது. எதை வைத்தாலும் மூச்சு மோசமானால் உடனே தளர்த்துங்கள் அல்லது எடுத்துவிடுங்கள். 108ஐ முதலிலேயே அழைத்துவிடுங்கள்.

2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகளின்படி புகாரை 48 மணி நேரத்துக்குள் ஒப்புக்கொண்டு ஒரு மாதத்துக்குள் தீர்க்க வேண்டும் என்பதைச் சுட்டி, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915இல் இன்று மதியம் பதிவு செய்திருக்கிறேன். மருந்துக் கட்டுப்பாட்டு அலுவலகத்துக்கும் நாளை நேரில் போகிறேன். பிரிக்காத 16 பொட்டலங்களிலும் ‘பயன்படுத்தக் கூடாது’ என்று சிவப்பு மையால் எழுதிப் பூட்டி வைத்திருக்கிறோம். டிசம்பரில் இதே விலையில், மேலே கோடு போட்ட தகடுகளை வாங்கியிருப்பவர்கள் இன்றிரவே ஒன்றைப் பிரித்துக் கேனில் ஒட்டிப் பாருங்கள்.