நாச்சியார்கோவில் சிலுவை விளக்கு: ஆறு மாதம் ஏற்றிய பிறகு எழுதுவது

தரங்கம்பாடிக்கு அருகில் நாங்கள் கட்டிய சிறிய வீட்டின் பிரதிஷ்டைக்காக, நாச்சியார்கோவில் பட்டறைக் கடை ஒன்றில், உச்சியில் அன்னத்துக்குப் பதிலாகச் சிலுவை வைத்த ஐந்துமுகக் குத்துவிளக்கு ஒன்றை வாங்கினோம். இரண்டடி உயரம், எடை ஐந்து கிலோவுக்குச் சற்றுக் குறைவு. அன்று முதல் மாலைக் குடும்ப ஜெபத்துக்கு இதைத்தான் ஏற்றுகிறோம் என்பதால், கடையில் பார்த்த அழகை வைத்து அல்லாமல் புழக்கத்தில் கண்டதை வைத்து எழுத முடிகிறது.

கும்பகோணத்திலிருந்து திருவாரூர் செல்லும் சாலையில் இருக்கும் நாச்சியார்கோவிலின் குத்துவிளக்கு, புவிசார் குறியீடு பெற்றது. காவிரிக் கரையின் வண்டல் மண்ணில் அச்செடுத்துப் பித்தளையை உருக்கி ஊற்றுகிறார்கள். அடி, தண்டு, தட்டு, உச்சி ஆகியவற்றைத் தனித்தனியே வார்த்து, கடைசல் பிடித்து, மரையிட்டு ஒன்றோடொன்று திருகிச் சேர்க்கிறார்கள். எங்கள் விளக்கின் தண்டில் உள்ள வளையங்களை விரலால் தடவிப் பார்த்தால் எங்கும் பிசிறு தட்டவில்லை. ஐந்து முகங்களும் ஒரே ஆழத்தில் அமைந்திருப்பதால் ஐந்து சுடர்களும் ஒரே உயரத்தில் எரிகின்றன. மலிவான விளக்குகளில் ஒரு முகம் எண்ணெயில் மூழ்க இன்னொரு முகம் கருகுவதைக் கண்டவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

குறைகள் இரண்டு. சிலுவையின் மரை தளர்வாக இருந்ததால் தட்டை நகர்த்தும்போதெல்லாம் அது ஒரு பக்கம் சாய்ந்தது. மரையில் பருத்தி நூலைச் சுற்றித் திருகிய பிறகே நிமிர்ந்து நின்றது. இரண்டாவது குறை என்னை உண்மையாகவே வருத்தியது. அடிப்பகுதியைச் சுற்றி மத்தேயு 5:15 வசனத்தைப் பொறித்துத் தருவதாகக் கடைக்காரர் சொன்னதால் முன்பணம் கொடுத்துக் காத்திருந்தோம். வந்து சேர்ந்த விளக்கிலோ ‘விளக்குத்தண்டு’ என்பது ‘விலக்குத்தண்டு’ என்று வெட்டப்பட்டிருந்தது. 1715ஆம் ஆண்டிலேயே புதிய ஏற்பாடு தமிழில் அச்சேறிய ஊரின் பக்கத்தில் வாழ்கிறவர்களுக்கு வசனத்தில் ஓர் எழுத்து பிழைபட்டாலும் வலிக்கும். திருத்தித் தர மூன்று வாரமாயிற்று. எழுத்தைச் சுரண்டிய இடம் இன்றும் பள்ளமாகத் தெரிகிறது. பொறிப்பு வேண்டுமானால் வாசகத்தை நீங்களே தாளில் எழுதிக் கொடுத்து, வெட்டும் முன் ஒருமுறை சரிபார்த்து விடுங்கள்.

இந்த விளக்குக்குப் பொறிப்பு தேவையே இல்லை என்பதுதான் என் இப்போதைய கருத்து. இதற்குக் காரணம் என் அண்ணன் மகன். ஒரு மாலை ஜெபத்தில் இதே வசனத்தை வாசித்தபோது, ‘விளக்கைக் கொளுத்தி மரக்காலால் மூடிவைக்காமல்’ என்ற இடத்தில் நிறுத்தி, ‘அத்தை, மூடினால் என்ன ஆகும்?’ என்று கேட்டான். பத்தாயத்தின் பக்கத்தில் தாத்தா காலத்து மரக்கால் இருந்தது. இரும்புப் பட்டை போட்ட மரப்பாத்திரம், பன்னிரண்டு முறை அளந்தால் ஒரு கலம் நெல். ஓர் அகலை ஏற்றித் தரையில் வைத்து அதைக் கவிழ்த்தோம். எடுத்துப் பார்த்தபோது சுடர் இல்லை. கருகிய திரியின் வாடையும் மரக்காலின் உள்ளே ஒரு கரிப்பொட்டும்தான் இருந்தன. மூடினால் வெளிச்சம் மறையும் என்று மட்டுமே அதுவரை நான் எண்ணியிருந்தேன். மூடிய விளக்கு அணைந்தே போகிறது என்பதை நாற்பது ஆண்டுகளாக அந்த வசனத்தைக் கேட்டும் நான் யோசித்ததில்லை.

மூடுகிற பொருள் எது என்பதையும் அன்றுதான் கவனித்தேன். கிரேக்க மூலத்தில் ‘மோதியோஸ்’ என்றிருப்பதும் தானியம் அளக்கும் பாத்திரமே, ஏறத்தாழ 9 லிட்டர் கொள்ளும். ஆண்டவர் சட்டி என்றோ கூடை என்றோ சொல்லியிருக்கலாம். விளைச்சலைக் கணக்குப் பார்க்கிற பாத்திரத்தையே சொன்னார். குறுவை கண்டுமுதல் எவ்வளவு, குத்தகைக்கு எவ்வளவு, விதைக்கு எவ்வளவு என்ற பேச்சிலேயே ஜெப நேரம் கரைந்து போன மாலைகள் எங்கள் வீட்டில் உண்டு. அறுப்பின் பண்டிகைக்குக் காணிக்கை நெல் அளந்ததும் இதே மரக்காலால்தான் என்பதையும் சேர்த்து நினைத்துக்கொள்கிறேன்.

சபையில் ஒரு பெரியவர், குத்துவிளக்கு நம் வழக்கமில்லையே என்று கேட்டார். அந்தத் தயக்கத்தை நான் மதிக்கிறேன். என் பாட்டி வீட்டில் ஏற்றியதில்லை. ஆனால் அந்த வசனத்தின் விளக்கு ஆலயத்தில் எரிவதன்று. வீட்டிலுள்ள யாவருக்கும் வெளிச்சம் தருவது. அதனால் இதை அலமாரியில் வைத்துக் கண்ணாடி போட்டுப் பூட்டாமல், கூடத்தில் எல்லோரும் உட்காரும் இடத்திலேயே வைத்திருக்கிறோம்.

பராமரிப்பு கடினமில்லை, ஆனால் தவறக் கூடாது. சனிக்கிழமைதோறும் அம்மா அதைப் பாகம் பாகமாகக் கழற்றிப் புளி போட்டுத் தேய்க்கிறார். சிலுவையின் கைகள் தண்டோடு சேரும் இடுக்கில் பச்சைக் களிம்பு சீக்கிரம் பிடிக்கிறது; அங்கே தென்னங்குச்சியில் துணி சுற்றித் துடைக்க வேண்டும். காணாமற்போன வெள்ளிக்காசைத் தேடி விளக்கைக் கொளுத்தி வீட்டைப் பெருக்கிய பெண்ணின் உவமை அம்மாவுக்கு மிகவும் பிடிக்கும். விளக்கும் துடைப்பமும் ஒரே வரியில் வருகிற இடம் அது என்று, தேய்த்துக்கொண்டே சொல்வார்.

பித்தளை விலை மாறிக்கொண்டே இருப்பதால் தொகையை எழுதவில்லை. எடை போட்டே விற்கிறார்கள், தராசைக் கண்ணால் பார்த்து வாங்குங்கள். ஓரடி விளக்கில் தட்டு சிறிதாக இருப்பதால் ஜெபம் முடியுமுன் எண்ணெய் ஊற்ற வேண்டிவரும், இரண்டடியே போதுமானது. நாகப்பட்டினத்தில் இருக்கும் தங்கைக்கும் அதே கடையில் ஒன்று சொல்லியிருக்கிறோம், மரையை இறுக்கிக் கொடுக்கும்படியும் எழுத்து எதுவும் பொறிக்க வேண்டாம் என்றும்.