வெளுத்த பம்பரா, பளபளக்கும் நகலா?

பழைய காரைப் புதுப்பிக்கிறவர்கள் என்ஜினுக்கும் பெயின்டுக்கும் மாதக்கணக்கில் யோசிப்பார்கள். பிளாஸ்டிக் பாகங்களைப் பற்றிப் பட்டறைக்காரர் கேட்டால் மட்டும் "எல்லாம் புதிதாகப் போட்டுவிடுங்கள்" என்று ஒரே பேச்சில் முடித்துவிடுவார்கள். 1990-களின் தொடக்கத்தில் வந்த மாருதி 800 ஒன்றை எடுத்துச் சரிசெய்தபோது, சாம்பல் பூத்துக் கிடந்த பழைய பம்பரையும் கிரில்லையுமே வைத்துக்கொண்டேன். ஆகவே இங்கே நடுநிலையை எதிர்பார்க்க வேண்டாம்.

விலையையும் பளபளப்பையும் பற்றி அதிகம் பேச ஒன்றுமில்லை. சென்னை ஜி.பி. ரோட்டின் உதிரிபாகக் கடைகளில் கிடைக்கும் நகல், அதாவது கார் கம்பெனி செய்யாத அதே வடிவப் பாகம், மலிவு. மாட்டிய அன்று கார் ஷோரூமிலிருந்து வந்ததுபோல இருக்கும். பழையதைத் தேய்த்துக் கழுவிக் கறுப்பாக்க நேரம் பிடிக்கும். எவ்வளவு செய்தாலும் அங்கங்கே கீறல் தெரியும். பார்வைக்கு நகல்தான் ஜெயிக்கும்.

ஆனால் பம்பர் காரில் உட்கார வேண்டுமே. 1986-இல் வந்த 800-இன் உடலமைப்புதான் 2014 வரை ஓடியது என்றாலும், நடுவில் முகப்பு மாறியிருக்கிறது. கடையில் "800 பம்பர்" என்று கேட்டால் எந்த ஆண்டு வண்டிக்கானது கையில் வரும் என்பது கடைக்காரரின் பொறுமையைப் பொறுத்தது. சரியான வடிவமே கிடைத்தாலும், நகலின் ஓரத் துளை ஃபெண்டரில் (முன்சக்கரத்துக்கு மேலுள்ள தகட்டில்) இருக்கும் துளைக்கு நேராக வருவது அபூர்வம். ஒரு பக்கத்தை முடுக்கினால் மறுபக்கம் தூக்கிக்கொள்ளும். அப்போது டிங்கர் சொல்வார்: "சார், இரண்டு மில்லிமீட்டர்தான், தகட்டில் ஒரு துளை போட்டால் உட்கார்ந்துவிடும்."

என் முடிவைத் தீர்மானித்தது அந்தத் துளைதான். தகட்டைத் துளைத்ததும் பெயின்டும் பிரைமரும் கிழிந்து விளிம்பில் வெறும் இரும்பு தெரியும். அதன்மேல் ஸ்குரூவை முடுக்கினால் ஈரம் தங்க வசதியான இடுக்கு கிடைத்துவிடும். கடலிலிருந்து தள்ளியிருக்கும் ஊர் என்றால் சில ஆண்டுகள் தாங்கலாம். சென்னையில் திருவான்மியூர், பெசன்ட் நகர் பக்கம் வண்டியை நிறுத்துகிறவர்களுக்குக் கடற்காற்றின் உப்பைப் பற்றிச் சொல்லித்தர வேண்டியதில்லை. வடகிழக்குப் பருவமழையில் சக்கரம் வாரியடிக்கிற சேறும் தண்ணீரும் போய் ஒட்டுவது ஃபெண்டரின் அதே உள்பக்கத்தில்தான். துரு பம்பருக்குப் பின்னால் மறைவாக வளரும். பெயின்ட் கொப்பளிக்கும்போது துளை இரண்டு விரல் அகலம் ஆகியிருக்கும். வெளுத்த பிளாஸ்டிக்கை எப்போது வேண்டுமானாலும் கறுப்பாக்கலாம். அரித்துப்போன தகட்டை வெட்டி ஒட்டுப்போட்டுத்தான் ஆக வேண்டும். அதற்குப் பிறகு பெயின்ட் செலவு வேறு. நகலில் மிச்சம் பிடித்த பணம் அங்கே போய்விடும்.

வெளுப்பைப் பற்றியும் தேவைக்கு மேல் பயப்படுகிறோம். பம்பர் பெரும்பாலும் பாலிபுரொப்பிலீன் என்ற பிளாஸ்டிக். வெயிலின் புற ஊதாக் கதிர் அதன் மேற்புற மெல்லிய படலத்தைத்தான் முதலில் சிதைக்கிறது. அந்தப் படலம்தான் சாம்பலாகத் தெரிகிறது. சோப்புத் தண்ணீரும் பிரஷ்ஷும் கொண்டு அழுந்தத் தேய்த்து, காயவிட்டு, பிளாஸ்டிக்குக்கென்று விற்கும் பூச்சைத் தடவினால் கறுப்பு திரும்பும். சாதாரண சிலிக்கோன் பாலிஷ் இரண்டு மழைக்குள் கரைந்து போகும். ஹாட் ஏர் கன்னால் சூடு காட்டினால் உடனே கறுக்கும், பிறகு மறுபடி வெளுக்கும்; அடிக்கடி செய்தால் பிளாஸ்டிக் கெட்டுவிடும். நீண்ட நாள் தாங்கும் என்று விற்கிற செராமிக் பூச்சு என் பம்பரில் இதுவரை ஒரு கோடையைத்தான் பார்த்திருக்கிறது; அதற்கு மேல் என்னால் உறுதி கொடுக்க முடியாது.

சிலர் பழைய பம்பரின் மேல் நேராகக் கறுப்பு பெயின்ட் அடித்துவிடுகிறார்கள். பாலிபுரொப்பிலீனில் பெயின்ட் சும்மா ஒட்டாது. அதற்கென உள்ள பிளாஸ்டிக் பிரைமரை முதலில் அடிக்காவிட்டால் தோல் உரிவதுபோல உரியும். உரிந்த பம்பரைவிட வெளுத்த பம்பர் எவ்வளவோ மேல்.

விரிசல் இருந்தால் உட்புறத்தைப் பாருங்கள். பல பாகங்களில் பிபி (பாலிபுரொப்பிலீன்) அல்லது ஏபிஎஸ் (வேறொரு வகை பிளாஸ்டிக்) என்று பிளாஸ்டிக்கிலேயே வார்த்திருக்கும். ஏபிஎஸ் என்றால் அதே பிளாஸ்டிக் துண்டுகளை அசிட்டோனில் கரைத்து வரும் குழம்பே நல்ல பசை. பிபி-யில் அசிட்டோன் வேலை செய்யாது. அதே பிளாஸ்டிக் கம்பியை உருக்கி வெல்டிங்தான் செய்ய வேண்டும்.

மூன்றாவது வழி, பழைய வண்டிப் பாகங்கள் விற்கும் சென்னைப் புதுப்பேட்டை: வேறு வண்டியிலிருந்து கழற்றிய ஒரிஜினல். பொருத்தம் கச்சிதமாக இருக்கும். ஆனால் அதுவும் யாரோ ஒருவருடைய வெயிலைக் குடித்த பிளாஸ்டிக்தான். முகத்தைப் பார்க்காமல், போல்ட் மாட்டும் காதுகள் முழுசாக இருக்கின்றனவா என்று பார்த்து வாங்க வேண்டும். என் பம்பரின் காது உடைந்திருந்தால் நானும் அங்கேதான் போயிருப்பேன், நகலுக்கு அல்ல.

டாஷ்போர்டு விஷயத்தில் எனக்கு இவ்வளவு தைரியம் இல்லை. என்னுடையது வெடிக்காமல் தப்பித்ததால், வெடித்ததைச் சரிசெய்த அனுபவம் கிடையாது. மேலே உறை போட்டு மறைப்பதை மட்டும் மனம் ஏற்கவில்லை.

எந்தப் பக்கம் சாய்ந்தாலும் கிளிப்புகளையும் ரப்பர் வாஷர்களையும் புதிதாக வாங்கிவிடுங்கள். பழைய கிளிப் கழற்றும்போதே பாதி உடைந்துவிடும். நகல்தான் என்று முடிவெடுத்துவிட்டால், பெயின்ட் அடிப்பதற்கு முன்பே ஒருமுறை மாட்டிப் பார்க்கச் சொல்லுங்கள். துளை தவிர்க்க முடியாதது என்றால் அப்போதே போட்டு, விளிம்புக்கும் சேர்த்துப் பிரைமர் அடித்துவிடலாம். பெயின்ட் முடிந்து டெலிவரி நாளன்று துளை போடும் பட்டறையில் அந்த விளிம்பை யாரும் திரும்பிப் பார்க்கமாட்டார்கள்.