மூலம், வரைவு, சொற்பட்டியல்: மூன்றையும் ஒரே திரையில் எந்தச் செயலி காட்டும்?

ஒப்பந்தப் பத்திரம் ஒன்றை மொழிபெயர்த்துக்கொண்டிருந்தேன். 3ஆம் பக்கத்தில் ‘மறுபயன்’ (ஒப்பந்தத்தில் ஒன்றுக்கு ஈடாகத் தரப்படுவது) என்று எழுதிய சொல்லையே 19ஆம் பக்கத்தில் ‘பிரதிப்பிரயோஜனம்’ என்று எழுதி வைத்திருக்கிறேன். எந்தச் சொல்லுக்கு எந்தத் தமிழ் என்று சொற்பட்டியல் போட்டிருந்தேன், ஆனால் அது வேறொரு டேபில் கண்ணுக்கு மறைவாகக் கிடந்தது. எனக்கு மூலம், வரைவு, பட்டியல் மூன்றும் ஒருசேரத் தெரிய வேண்டும். குறிப்புச் செயலிகளை இந்த ஒரு வேலையை வைத்துத்தான் பார்த்தேன்.

முதலில் அப்சிடியன். டேபின் தலைப்பைப் பிடித்து வலது ஓரத்துக்கு இழுத்துவிட்டால் திரை இரண்டாகிறது. கீழ் ஓரத்துக்கு இழுத்தால் அந்தப் பாதி மேலும் கீழுமாகப் பிரிகிறது. இடப்பக்கம் முழு உயரத்துக்கும் மூலம், வலப்பக்கம் மேலே வரைவு, அதன் அடியில் நான்கு விரல் உயரத்துக்குப் பட்டியல் என்று வைத்துக்கொண்டேன். மூடிவிட்டு மறுநாள் திறந்தால் போட்டது போட்டபடி இருக்கிறது. கூடவே வரும் ‘ஒர்க்ஸ்பேசஸ்’ பிளக்இன்னை இயக்கினால், இந்த அமைப்புக்கு ஒரு பெயர் வைத்துச் சேமிக்கலாம். ஒன்று கவனிக்க வேண்டும்: பிரிவுகளோடு, அப்போது திறந்திருந்த குறிப்புகளும் சேர்ந்தே சேமிக்கப்படும். புதுப் பத்திரத்துக்கு அதைக் கூப்பிட்டால் பழைய பத்திரம் வந்து நிற்கும்.

டேப்களைச் சீட்டுக்கட்டு போல ஒன்றன்மேல் ஒன்றாகச் சரித்து, முதுகில் தலைப்பு மட்டும் தெரியும்படி அடுக்கவும் அதில் வசதி உண்டு. படிப்பதற்கு அழகு, மொழிபெயர்க்கும்போது எனக்கு உதவவில்லை. அப்சிடியனிலேயே 2022 டிசம்பரில் வந்த ‘கேன்வாஸ்’ வசதி வேறு ரகம். குறிப்புகளை அட்டைகளாகப் பரப்பி அம்புக்குறி போட்டு இணைக்கலாம். கட்டுரைக்குத் திட்டம் போடுகிறவர்களுக்கு அதுதான் சரி.

லாக்சீக் இன்னும் எளிது. ஷிஃப்டை அழுத்திக்கொண்டு இணைப்பைச் சொடுக்கினால் அந்தப் பக்கம் வலப்புறப் பட்டையில் திறக்கிறது. முழுப் பக்கம் வேண்டாம், ஒரே ஒரு பத்தி போதும் என்றாலும் அதை மட்டும் அங்கே கொண்டுபோகலாம். அங்கேயே திருத்தவும் செய்யலாம். நாலைந்து பட்டியல் வரிகளை ஓரத்தில் வைத்துப் பார்க்க இதுபோல் ஒன்று இல்லை. ஆனால் பட்டையில் எல்லாம் ஒன்றன்கீழ் ஒன்றாகத்தான் வரும். மூன்றாவதைத் திறந்தால் மற்றவை கீழே இறங்கிவிடும், அப்புறம் உருட்ட வேண்டியதுதான்.

நோஷனில் ஆல்ட்டை அழுத்திச் சொடுக்கினால் பக்கம் வலப்புறம் எட்டிப் பார்க்கும். நிஜமாகவே எட்டிப் பார்ப்பதுதான்: ஒரு நேரத்தில் ஒன்று, அடுத்ததைத் திறந்தால் முந்தையது போய்விடும். ஒரே பக்கத்துக்குள் பத்திகளை இழுத்துப் பக்கம் பக்கமாக இரண்டு மூன்று நிரல்களாக அமைக்கலாம். மூலத்தையும் வரைவையும் ஒரே குறிப்பில் வைக்கச் சம்மதம் என்றால் அது போதும். எனக்குச் சம்மதமில்லை.

ஒன்நோட்டில் கண்ட்ரோல்-எம் தட்டினால் இன்னொரு சாளரம் வரும். கண்ட்ரோல்-ஆல்ட்-டி தட்டினால் திரையின் ஓரத்தில் போய் ஒட்டிக்கொண்டு மற்றச் சாளரங்களுக்கு இடம் விடும். வேர்டில் வேலை செய்துகொண்டே குறிப்பெடுப்பவர்களுக்கு நல்லது. கூகுள் கீப்பில் அட்டைகளைச் சுவரில் ஒட்டியதுபோல் பார்க்கலாம், ஒன்றைத் திறந்தால் மற்றவற்றை மறைத்துக்கொண்டு நடுவில் வந்து நிற்கும். மளிகைப் பட்டியலுக்குச் சரி.

இப்போது அப்சிடியனிலேயே இருக்கிறேன். முதலில் மூன்றையும் பக்கம் பக்கமாகத்தான் நிறுத்தினேன். என் 14 அங்குல மடிக்கணினியில் தமிழ்ச் சொற்கள் அதற்கு இடம் கொடுக்கவில்லை. ‘பிரதிப்பிரயோஜனத்திற்காக’ என்ற ஒரு சொல்லே ஒரு வரியை விழுங்கிவிட்டது. பட்டியலைக் கீழே இறக்கியது அதற்காகத்தான்.