டிராவர்டைனா, செம்புரைக்கல்லா? கோத்தகிரி வீட்டுக்கு எது ஒத்துவரும்

கோத்தகிரியில் அக்கா வீடு கட்டுகிறாள். இரண்டு கற்கள் அவளைத் தூங்கவிடவில்லை. ஒன்று, கோயம்புத்தூர் டைல்ஸ் கடையில் பார்த்து மயங்கிய இத்தாலி டிராவர்டைன். மற்றது, கூடலூர் பக்கம் ‘வெட்டுக்கல்’ என்று சொல்லும் செம்புரைக்கல். கடைக்காரர் விலையை வைத்து ஒப்பிட்டார். நான் பிறப்பை வைத்து ஒப்பிடச் சொன்னேன். இரண்டிலும் துளை உண்டு. இரண்டையும் உண்டாக்கியது தண்ணீர்தான். ஆனால் ஒன்று தண்ணீர் கொண்டுவந்து வைத்த கல். மற்றது தண்ணீர் அள்ளிக்கொண்டு போனபின் மிஞ்சிய கல்.

டிராவர்டைனை முதலில் பார்ப்போம். கரியமில வாயு கலந்த நிலத்தடி நீர் மெல்லிய அமிலம். சுண்ணாம்புப் பாறைக்குள் ஊறிப் போகும்போது அதைக் கரைத்துச் சுமந்துகொள்கிறது. ஊற்றாக வெளியே வந்ததும் அழுத்தம் விட்டுப்போகிறது. சோடா பாட்டிலைத் திறந்தது போல வாயு கிளம்பிவிடுகிறது. அந்த வாயு இல்லாமல் தண்ணீரால் அவ்வளவு சுண்ணாம்பைச் சுமக்க முடியாது. கால்சியம் கார்பனேட்டாக இறக்கி வைத்துவிடுகிறது. அந்தப் படிவுதான் டிராவர்டைன். கரைசலில் இருந்த கார்பனில் பாதி காற்றோடு போகிறது, பாதி கல்லுக்குள் தங்கிவிடுகிறது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த இடம் ஊற்று நீர் வழிந்திறங்கும் விளிம்புதான். தண்ணீர் மெல்லிய படலமாக வழியும் இடத்தில் வாயு வேகமாக வெளியேறும், அங்கேதான் படிவும் கூடும். விளிம்பு வளர வளர அதன் பின்னால் தண்ணீர் தேங்கும். இப்படித்தான் துருக்கியின் பாமுக்கலேயில் வெள்ளைத் தொட்டிகள் படிப்படியாக மலைச்சரிவில் இறங்குகின்றன. அந்தப் பெயருக்கே ‘பஞ்சுக்கோட்டை’ என்று பொருள். அங்கே ஊற்று நீரின் சூடு ஏறக்குறைய 35 டிகிரி. குளிர்ந்த நீரில் படிவதை டூஃபா என்று பிரித்துச் சொல்வார்கள். குரோஷியாவின் பிளிட்விட்சே ஏரிகளில் பாசியின் மேல் சுண்ணாம்பு படிந்து படிந்தே அணைகள் எழுந்திருக்கின்றன. டூஃபாவில் துளை அதிகம், கனம் குறைவு. கடையில் விற்கும் டிராவர்டைன் துண்டில் தெரியும் துளைகளும் வாயுக் குமிழி நின்ற இடம், நாணலோ பாசியோ மக்கிப்போன இடம். கோடுகள், படலம் படலமாகப் படிந்த தடம். ரோமுக்கு அருகே உள்ள டிவோலியின் பழைய பெயர் டிபுர். அந்த ஊர்ப் பெயரே இந்தக் கல்லின் பெயராகத் திரிந்தது. கி.பி. 80இல் திறக்கப்பட்ட கொலோசியத்தின் வெளிச்சுவர் இந்தக் கல்தான்.

இதைப் பார்க்கத் துருக்கிக்குப் போக வேண்டியதில்லை. கோவையில் போர்வெல் தண்ணீர் காய்ச்சும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாக உப்பு பிடிக்கிறதே, அதுவும் இதே வேலைதான். சூடு வாயுவை விரட்டுகிறது, சுண்ணாம்பு தங்கிவிடுகிறது. அக்காவின் கெட்டிலோ ஓடைத் தண்ணீரைப் பல வருடமாகக் கொதிக்க வைத்தும் உள்ளே பளபளவென்று இருக்கிறது. கோத்தகிரி பக்கத்துக் கேத்தரின் அருவியில் பாமுக்கலே போல வெள்ளைப் படிகள் ஏன் இல்லை என்பதற்கும் அந்தக் கெட்டில்தான் பதில். நீலகிரி பெரும்பாலும் சார்னோக்கைட். நம் சென்னைப் பல்லாவரத்திலும் கிடைக்கும் அதே கருங்கல். இங்கே தண்ணீர் சுமந்து வந்து இறக்குவதற்குச் சுண்ணாம்புப் பாறை இல்லை.

செம்புரைக்கல்லின் கதை இதற்கு நேர் எதிர். வெயிலும் மழையும் மாறி மாறி அடிக்கும் நிலத்தில் பாறையிலிருந்து கால்சியம், சோடியம், பொட்டாசியம், சிலிக்காவில் பெரும்பகுதி எல்லாம் கரைந்து போய்விடும். இரும்பும் அலுமினியமும் லேசில் கரையாது, நின்றுவிடும். மலப்புறம் அங்காடிப்புறத்தில் மக்கள் இதைச் செங்கல் போல வெட்டி எடுப்பதைப் பார்த்த பிரான்சிஸ் புக்கானன், 1807இல் செங்கல்லுக்கான லத்தீன் சொல்லைக் கொண்டே இதற்கு லேட்டரைட் என்று பெயர் வைத்தார். வெட்டும்போது மிருது, காற்றுப்பட்டால் இறுகும். நீலகிரி உச்சிகளின் செம்மண்ணும் இதே வழியில் வந்ததுதான். கரைந்த கால்சியத்துக்குக் காய்ந்த சமவெளி வேறு வழி காட்டுகிறது: மழை குறைந்த கோவை மண்ணில் ஈரம் ஆவியாகிப்போக, அது சுக்கான்கல்லாக, அதாவது சுண்ணாம்புக் கட்டியாக, உறைகிறது.

இனி வீட்டுக்கு வருவோம். டிராவர்டைன் என்பது கால்சைட், அதாவது கால்சியம் கார்பனேட் கனிமம். கடினத்தை ஒன்றிலிருந்து பத்துவரை சொல்லும் மோஸ் அளவில் 3 மட்டுமே. எலுமிச்சை, புளி, பாத்ரூம் கழுவும் ஆசிட் எது பட்டாலும் அரித்துவிடும். “சமையக்கட்டுக்கு இது வேண்டாமுங்க” என்று மேஸ்திரி சொன்னது முழுக்கச் சரி. வாசல் படிக்கும் வேண்டாம் என்பேன். மழைநீரே மெல்லிய அமிலம். இந்த ஊர் மழையில் ஆண்டாண்டாக நனைந்தால் மெருகு போய்விடும். செம்புரைக்கல்லுக்கு எலுமிச்சைப் பயம் இல்லை. அதன் குறை ஈரம்: தண்ணீரை உறிஞ்சிக்கொள்ளும், பூசாமல் விட்டால் மூடுபனிக் காலத்தில் பாசி ஏறும். தாழ்வாரம் நீட்டி, அடியில் கருங்கல் கட்டு வைத்தால் தாங்கும். வெளிச்சுவருக்கு என் ஓட்டு அதற்கே.

போன வாரம் அக்காவை இரண்டு மாதிரித் துண்டிலும் எலுமிச்சை பிழியச் சொன்னேன். செம்புரைக்கல் சாற்றைக் குடித்துவிட்டுச் சும்மா இருந்தது. டிராவர்டைனில் பொடிப்பொடியாக நுரை எழுந்தது. ஊற்றங்கரையில் கல்லுக்குள் பூட்டிக்கொண்ட கரியமில வாயு இந்தச் சமையல் மேடையில் வெளியே வந்துகொண்டிருந்தது. துடைத்தபின் அந்த இடம் மங்கியிருந்தது. ஹாலுக்கு மட்டும் டிராவர்டைன் என்று முடிவாகிவிட்டது. வாசல் படிக்குக் கருங்கல்.