திருச்செந்தூருக்குத் தெற்கே கொஞ்ச நாள்

திருச்செந்தூரோடு நின்றுவிடுகிறவர்கள்தான் அதிகம். கடலில் முழுக்குப் போட்டு, நாழிக்கிணற்றுத் தண்ணீரைத் தலையில் ஊற்றிக்கொண்டு, சாமி கும்பிட்டதும் வண்டியைக் கன்னியாகுமரிக்கு விரட்டிவிடுவார்கள். நடுவில் குலசேகரன்பட்டினம், மணப்பாடு, பெரியதாழை, உவரி எல்லாம் கார்க் கண்ணாடிக்கு வெளியே ஓடிப்போய்விடும். இந்த ஈஸ்டர் விடுமுறைக்கு மெல்பர்னிலிருந்து வந்தபோது அம்மாவையும் மகளையும் கூட்டிக்கொண்டு அந்த ஊர்களில்தான் சுற்றினேன். அம்மா பிறந்தது சாத்தான்குளம். அம்மாவுக்கே பாதி இடம் புதுசு.

இடங்களின் அழகைப் பற்றி எழுத நிறையப் பேர் இருக்கிறார்கள். போய் இறங்கினால் என்ன கிடைக்கும், என்ன கிடைக்காது என்பதைத்தான் யாரும் சொல்வதில்லை. நான் அதையும் சேர்த்தே சொல்கிறேன்.

சென்னையிலிருந்து தூத்துக்குடிக்கு விமானம். வாகைக்குளத்தில் 2025 ஜூலையில் திறந்த புது முனையம் பளிச்சென்று இருக்கிறது. அம்மாவுக்கு முட்டிவலி, சக்கர நாற்காலி கேட்டிருந்தோம், கேட்ட நேரத்துக்கு வந்தது. வாசலில் டாக்சியும் கிடைத்தது. இதுவரைக்கும் ஒரு குறையும் இல்லை.

பணம் கொடுக்கிற விஷயத்தில்தான் சிக்கல். வெளிநாட்டில் இருப்பவர்கள் இங்கே வைத்திருக்கும் என்.ஆர்.இ. வங்கிக் கணக்கில் ஆஸ்திரேலிய போன் நம்பரைப் பதிந்திருந்தால் அதிலேயே யுபிஐ ஓடும் என்று படித்துவிட்டு வந்தேன். வசதி இருப்பது உண்மைதான். என் வங்கியில் மட்டும், சரிபார்க்க அனுப்பிய எஸ்.எம்.எஸ். போன இடம் தெரியவில்லை. பக்கத்துக் கிளையில் போய்க் கேட்டால், "அது ஹோம் பிராஞ்சுல பார்க்கணும் மேடம்" என்று முடித்துவிட்டார்கள். ஊரிலோ பூக்காரம்மா தட்டில்கூட க்யூஆர் அட்டை. ஐந்நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் சில்லறை இல்லை. எங்களை ஏற்றிக்கொண்டு சுற்றிய டிரைவர் தம்பிதான் பல இடங்களில் தன் போனிலிருந்து கட்டிவிட்டுச் சாயங்காலம் என்னிடம் கணக்கு வாங்கிக்கொண்டார். வருகிறவர்கள் நூறும் ஐம்பதுமாக மாற்றி வைத்துக்கொள்ளுங்கள்.

பஸ்ஸைப் பாராட்டியே ஆக வேண்டும். திருச்செந்தூரிலிருந்து உடன்குடிப் பக்கம் போகும் டவுன் பஸ்ஸில் ஒருநாள் வேண்டுமென்றே ஏறினோம். முன்னும் பின்னும் பிங்க் நிறம் அடித்த பஸ். பெண்களுக்குக் காசு இல்லை, 2021-லிருந்து இப்படித்தான். "ஆச்சி, மெதுவா ஏறுங்க, அவசரமில்ல" என்று கண்டக்டர் விசில் ஊதாமல் காத்திருந்தார். மூன்று பேருக்கும் கட்டணமில்லாச் சீட்டைக் கிழித்துக் கொடுத்தார். நான் பாஸ்போர்ட்டை மாற்றிக்கொண்டவள் என்பது அவருக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. வண்டி நிறைய நூறு நாள் வேலைக்குப் போகிறவர்களும் கருவாட்டுக்கூடைக்காரர்களும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கல்லாமொழியில் அனல்மின் நிலையத்துக்கு நிலக்கரி இறக்கக் கடலுக்குள் நீட்டிக் கட்டிய பாலம் தெரியும். அதைத் தாண்டினால் குலசை, அதாவது குலசேகரன்பட்டினம். 2024 பிப்ரவரியில் அடிக்கல் நாட்டிய ராக்கெட் ஏவுதளம் அந்தப் பக்கம்தான் வருகிறது. பஸ்ஸில் நிலத்தின் விலையைத் தவிர வேறு பேச்சே இல்லை.

மணப்பாட்டுக்கு விலக்கிலிருந்து ஆட்டோ பிடித்தோம். கருமேனியாறு கடலில் சேரும் இடத்தில் நீளமான மணல்திட்டு ஒன்று வளைந்து கிடக்கிறது. திட்டுக்கு உள்பக்கம் தண்ணீர் அசையாமல் பச்சையாக நிற்கும். வெளிப்பக்கம் அலை அடித்துக்கொண்டே இருக்கும். கடலோரக் குன்றின் மேல் 1581-ல் கட்டிய திருச்சிலுவை ஆலயம், பக்கத்தில் கலங்கரை விளக்கம். 1542-ல் இந்தக் கரைக்கு வந்த பாதிரியார் புனித சவேரியார் தங்கியதாகச் சொல்லும் குகை கீழே கடலைப் பார்த்தபடி இருக்கிறது. உள்ளே ஈரமும் மெழுகுவர்த்தி வாடையும். மேலே கோயில் முற்றத்தில் நின்றால் திட்டு, ஆறு, ஊர், பனங்காடு எல்லாம் ஒரே பார்வையில் அடங்கும். அம்மா படியேறவில்லை, கீழே நிழலில் உட்கார்ந்து ஒரு மீன்காரம்மாவுடன் சொந்தம் விசாரித்துக்கொண்டிருந்தார். எப்படியோ ஒரு சம்பந்தமும் கண்டுபிடித்துவிட்டார்.

ஊருக்குள் நடந்து பாருங்கள். இலங்கை வியாபாரக் காலத்தில் கட்டிய பெரிய வீடுகள் வரிசையாக நிற்கின்றன. தேக்குக் கதவுகளில் பாதிக்குப் பூட்டு தொங்குகிறது.

அலைச்சறுக்குக்காரர்கள் மணப்பாட்டைத் தேடி வருகிறார்கள். ஆனால் எங்கே குளிக்கலாம், எங்கே இழுப்பு உண்டு என்று சொல்ல ஒரு போர்டும் எங்கள் கண்ணில் படவில்லை. வலையில் கிழிசல் பார்த்துக்கொண்டிருந்த பெரியவர் ஒருவர் என் மகளைப் பார்த்துவிட்டு, "ஆத்துவாய்ப் பக்கம் விடாதீங்கம்மா, பிள்ளைய இங்கன நிக்கச் சொல்லுங்க" என்று கையைக் காட்டினார். அந்த ஒரு வார்த்தைக்கு அவருக்குக் கோடி புண்ணியம். ஏப்ரல் 15-க்கு மேல் ஜூன் 14 வரை விசைப்படகுகளுக்குத் தடைக்காலம், வள்ளங்கள் மட்டும்தான் போகும். மீன் விலையைக் கேட்டு மலைத்துப் போகாதீர்கள்.

இனி கழிவறை. இதை எழுதத்தான் முதலில் உட்கார்ந்தேன். வயதான அம்மாவையும் பதின்மூன்று வயதுப் பெண்ணையும் வைத்துக்கொண்டு இந்தச் சாலையில் போகிறவர்களுக்கு இது சின்ன விஷயம் இல்லை. ஒரு பெட்ரோல் பங்க்கில் கழிவறை பூட்டியிருந்தது. சாவி வைத்திருந்த பையன் டீ குடிக்கப் போயிருந்தான். வந்து திறந்தால் தண்ணீர் இல்லை, வாளி மட்டும் இருந்தது. இன்னொரு இடத்தில் பெண்கள் பகுதி சாமான் போட்டுவைக்கும் அறையாகியிருந்தது. அப்புறம் நாங்களாக ஒரு வழி கண்டுபிடித்தோம். திருச்செந்தூரிலோ திசையன்விளையிலோ கொஞ்சம் பெரிய ஓட்டலாகப் பார்த்துச் சாப்பிட உட்கார்வது, அங்கேயே எல்லாவற்றையும் முடித்துக்கொண்டு கிளம்புவது. அம்மா பாதி நாள் தண்ணீரே குடிக்காமல் இருந்தார். ஏப்ரல் வெயிலில் அது நல்லதில்லை என்று சொன்னால் கேட்டால்தானே!

தேரிக்காட்டுக்கு விடியற்காலையில் போய்விடுங்கள். காயாமொழியைத் தாண்டியதும் மண் சட்டென்று சிவப்பாகிவிடும். மண்ணில் இருக்கும் இரும்புதான் அந்த நிறத்துக்குக் காரணம். தென்மேற்குப் பருவக்காற்று ஆரல்வாய்மொழிப் பக்கமிருந்து வாரிக்கொண்டு வந்து குவித்த மண் என்கிறார்கள். மேடும் பள்ளமுமாகச் சிவந்த மணல். நடுவில் பனையும் கொல்லா மரமும், அதாவது முந்திரி. "இதுக்கு மேல டயர் புதைஞ்சிரும்க்கா" என்று தம்பி வண்டியை நிறுத்திவிட்டார். செருப்பைக் கழற்றிவிட்டு நடந்தோம். ஏழு மணிக்கு மணல் குளிர்ச்சியாக இருந்தது, ஒன்பதரைக்குக் கால் வைக்க முடியவில்லை. மேலப்புதுக்குடி அருஞ்சுனை காத்த அய்யனார் கோயிலில், சுற்றிலும் செம்மணலாக இருக்க, நடுவில் நல்ல தண்ணீர்ச் சுனை இருக்கிறது. மகள் நம்பவில்லை, கையால் அள்ளிக் குடித்துப் பார்த்தாள்.

திரும்பும் வழியில் ஒரு விடிலியில், அதாவது பதநீர் காய்ச்சும் குடிசையில் நின்றோம். பனையேறி அண்ணாச்சி பச்சை ஓலையை மடக்கி, நாரால் ஒரு கட்டுக் கட்டி, கண் மூடித் திறப்பதற்குள் பட்டை செய்துவிட்டார். அதில் பதநீரை ஊற்றி, நுங்கைச் சீவி பெருவிரலால் நோண்டிப் போட்டார். புளிக்காமல் இருக்கக் கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவுவார்கள், அது அடியில் தங்கும். கடைசி மடக்கை விட்டுவிட வேண்டும் என்று அம்மா சொல்லிக் கொடுத்தார். "பத்து மணிக்கு மேல வந்தா கிடைக்காதுக்கா, காய்ச்சப் போயிரும்" என்றார் அண்ணாச்சி. உள்ளே அவர் மனைவி பனைமட்டையை அடுப்பில் தள்ளிக்கொண்டிருந்தார். பதநீர் பொங்கி வரும்போது ஆமணக்கு விதையை நசுக்கி ஒரு சிட்டிகை போட்டார். பொங்கல் அப்படியே அடங்கிப்போனது. பாகு பதமானதும் சிரட்டைகளில் ஊற்றினார். அந்தப் புகையில் ஐந்து நிமிஷம் நிற்க என்னால் முடியவில்லை. அவர் வேலை மத்தியானம் வரைக்கும்.

ஆயன்குளம் கிணற்றைப் பற்றிக் கேள்விப்பட்டிருப்பீர்கள். திசையன்விளைப் பக்கம், 2021 மழையில் வாரக்கணக்காக வெள்ளம் உள்ளே பாய்ந்தும் நிரம்பாத கிணறு. சென்னை ஐஐடி ஆட்கள் வந்து ஆராய்ந்து, அடியில் இருக்கும் சுண்ணாம்புப் பாறைக் குகைகள் வழியாகத் தண்ணீர் பரவிப் போகிறது என்றார்கள். கோடையில் போனால் அது வெறும் கிணறுதான். மழைக்காலத்தில் வருகிறவர்கள் போங்கள். உவரியில் கப்பல் மாதா கோயில் படத்தில் பார்த்ததுபோலவே இருக்கிறது, அரை மணி நேரம் போதும்.

ஆனால் கூந்தன்குளத்துக்கு ஒரு காலைப்பொழுதை முழுசாக ஒதுக்குங்கள். நாங்குநேரிப் பக்கம், 1994-ல் சரணாலயமாக அறிவித்த குளம். சங்குவளை நாரைகள் குளத்துக் கருவேல மரங்களில் மட்டுமல்ல, தெருவில் நிற்கும் மரங்களிலும் கூடு கட்டியிருக்கின்றன. கீழே சைக்கிள் நிறுத்தியிருக்கிறார்கள், மேலே குஞ்சுகள் கத்துகின்றன. பறவைகள் மிரளும் என்று தீபாவளிக்குக்கூட இங்கே வெடி போடுவதில்லை. எச்சம் கலந்த குளத்துத் தண்ணீர் வயலுக்கு உரம் என்று ஒரு பாட்டி கணக்குச் சொன்னார். காவல் கோபுரத்தில் ஏறினால் நன்றாகத் தெரியும். பைனாகுலர் நீங்களே கொண்டுபோவது நல்லது. டீக்கடை ஒன்றுதான் கண்ணில் பட்டது, அதில் வடை அருமை.

தங்குவதற்குத் திருச்செந்தூர்தான் வசதி. கிருத்திகை, சஷ்டி, வார இறுதி நாட்களைத் தவிர்த்துவிடுங்கள், அறை வாடகை கண்டபடி ஏறும். கருப்பட்டி வாங்குவதானால் சாலையோரக் கடையில் வாங்காதீர்கள், சீனி கலந்ததுதான் அதிகம். விடிலியிலேயே கேளுங்கள். நாங்கள் வாங்கிய கருப்பட்டியை அண்ணாச்சி ஓலைக்கொட்டானில் போட்டுக் கொடுத்தார். ஆஸ்திரேலியாவுக்குக் கொண்டுபோகிறவர்கள் கொட்டானை ஊரிலேயே விட்டுவிட்டு, கருப்பட்டியைப் பாக்கெட்டில் அடைத்து, இறங்கும்போது கொடுக்கிற பயணி அட்டையில் மறக்காமல் எழுதிக் கொடுத்துவிடுங்கள். மெல்பர்ன் விமான நிலையத்தில் சாமான்களைச் சோதிக்கும் அதிகாரி ஒன்றை எடுத்து மோந்து பார்த்து, இது என்ன என்று இரண்டு முறை கேட்டுவிட்டுத்தான் விட்டார்.